தந்தி ஊரில் இல்லை

ஆகஸ்ட் 6

தந்திக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றிலிருந்து நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை, கவனித்திருப்பாய். பேச மாட்டேன் என்றுதான் முடிவு செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பேச்சென்றால் நீ நடுவில் புகுந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். தாளில் அந்த வேலை நடக்காது.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "என்ன பாட்டி, உங்க பேத்தி மருந்துப் படிப்பை விட்டுட்டாளாமே? பேசறதுக்கு ஏதோ படிக்கப் போறாளாம். என் மக சொன்னா" என்றாள். என்னைவிட ஏழெட்டு வயதுதான் சின்னவள், நான் அவளுக்குப் பாட்டி! "தெரியுமே, எங்களைக் கேட்டுத்தான் மாத்தினா" என்றேன். பொய். உனக்காகப் பொய் சொன்னேன், அதுவும் அவளிடம். மேலே வந்து கதவைப் படாரென்று சாத்தினேன்.

அவள் என்னை என்ன செய்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. டாக்டர் இங்கிலீஷில் எழுதிய சீட்டை நான் நீட்டியதும், கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போது, "சீட்டைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அன்றைக்கே நினைத்தேன், இந்தப் பிள்ளை படித்து அவள் கடைக்கு நேர் எதிரே ஒரு மருந்துக்கடை திறக்கவேண்டும் என்று. மருந்தியலில் உனக்கு இடம் கிடைத்தபோது நான் அழுதேனே, சந்தோஷம் என்று நினைத்தாயா? வஞ்சம் தீரப்போகிற நிம்மதி அது.

அந்தப் படிப்புக்குப் பேர் தொடர்பியலாம். உனக்கு யார் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும்? பேச்சை நிறுத்துவதற்கு ஒரு படிப்பு இருந்தால் சொல், அதில் நான் வாத்தியாராகவே போவேன்.

நீ எதைப் படிக்கிறாய் என்பது இரண்டாவது. எனக்குச் சொல்லவில்லையே, அதுதான் முதலாவது. எனக்கு வரவேண்டிய சேதியை மறைத்தவர்களை நான் என்ன செய்வேன் என்று இந்த வீட்டில் வளர்ந்த உனக்குத் தெரியும். நான் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் அம்மா போய்விட்டாள். உன் தாத்தா தினமும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மை வந்தது. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆரஞ்சு வாசனை ஆகாது. அன்றோடு அவரிடம் நிறுத்திய பேச்சு, நின்றது நின்றதுதான்.

அவரிடம் சொல்: குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, தரையெல்லாம் வழுக்குகிறது, ஆளைக் கூட்டி வரச் சொல்.

பாட்டி

*

ஆகஸ்ட் 14

பாட்டிக்கு,

உங்களிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் வேண்டாம் என்பீர்கள், நீங்கள் வேண்டாம் என்ற பிறகு எனக்குத் தைரியம் வராது. அதனால் முதலில் செய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இன்னும் முழுதாக மாறவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை மருந்தியலுக்கே திரும்பலாம்.

ஏன் மாறினேன் என்று கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள், தொடர்பியல் துறை ஆசிரியை எடுத்தார். உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கோடு போட்டு வரைந்து வாருங்கள் என்றார். மற்ற பிள்ளைகள் வரைந்தது சிலந்தி வலை மாதிரி இருந்தது. நான் வரைந்ததில் மூன்றே புள்ளி: தாத்தா, நான், நீங்கள். இரண்டே கோடு, இரண்டும் என் மேல் வந்து முடிந்தன. ஆசிரியை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ இப்போ இங்கே இருக்கியே, அப்போ அங்கே யார் இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானமே அந்தத் துறைக்குப் போய் விசாரித்தேன்.

அப்பாவும் அம்மாவும் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என்னை உங்களிடம் விட்டார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. உங்கள் சண்டை அப்போதுதான் பிறந்திருந்தது. அந்தச் சண்டையும் நானும் சேர்ந்தே வளர்ந்தோம். தாத்தா எனக்குத் தந்தி என்று பேர் வைத்தார். நீங்கள் அடுப்படியிலிருந்து, "வந்து கொட்டிக்கச் சொல்லு" என்பீர்கள். நான் கூடத்துக்கு ஓடி, "தாத்தா, சாப்பிட வாங்க" என்பேன். அவர் "உம்" என்பார். நான் திரும்பி வந்து, "வாசனையே நல்லா இருக்காம்" என்பேன்.

இங்கே விடுதிக்கு வந்த பிறகும் அதுவேதான். நீங்கள் அடுப்படியிலிருந்து எனக்குப் போன் செய்வீர்கள், நான் கூடத்தில் இருக்கும் தாத்தாவுக்குப் போன் செய்வேன், அவர் "சரி சரி" என்பார். பத்தடி தூரம் போகவேண்டிய சேதி, ரயிலில் ஒரு பகல் போகும் தூரத்துக்கு வந்து திரும்பிப் போகிறது. தோழிகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

பாட்டி, நான் இந்த வேலையை விட்டுவிட்டேன். குழாய் சேதியைத் தாத்தாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்காக இல்லாவிட்டாலும் குழாய்க்காகவாவது நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி
(இனி தந்தி என்று எழுதாதீர்கள்)

*

ஆகஸ்ட் 25

தந்திக்கு,

அப்படித்தான் எழுதுவேன்.

வேலையை விட்டுவிட்டாயாம். சம்பளம் கொடுத்தா வைத்திருந்தோம், ராஜினாமா செய்ய? நம் வீட்டைக் கோடு போட்டு ஊராருக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறாய். அந்த ஆசிரியை வீட்டுக் கோட்டை யார் பார்த்தார்கள்?

"வாசனையே நல்லா இருக்காம்" என்று அந்த மனிதர் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? அவர் சொல்கிற ஆளா? தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை விடு.

நீ வேலையை விட்டதும் அவருக்கு எவ்வளவு திமிர் ஏறியிருக்கிறது கேள். ரேடியோவை வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. கீழே மருந்துக்கடைக்காரி தன் வீட்டுக் கூரையைக் கழியால் தட்டுகிறாள், என் காலடியில் தரை அதிர்கிறது, அவர் ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது குக்கர் கத்தித் தீர்த்து அடிப்பிடித்துப் போயிற்று. பக்கத்து அறையில்தான் இருந்தார், எழுந்து அணைக்கக்கூடாதா? நான் கடைக்குப் போயிருந்த நேரம் காஸ்காரன் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மருந்துக்கடைக்காரி படியில், "என்னங்க, சௌக்கியமா?" என்று கேட்டாளாம், முகத்தைத் திருப்பாமல் போனாராம். அவளிடம் அப்படிப் போனது எனக்கு ஒருவிதத்தில் திருப்திதான், இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

குழாயைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன். அவரிடம் இல்லை, சுவரிடம். "தரை வழுக்குது, யாராவது விழுந்து செத்தா சிலருக்குச் சந்தோஷம்தான்" என்று உரக்கவே சொன்னேன். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். செவிடன் காதில் ஊதின சங்கு.

ஆளை நானே கூப்பிடலாமே என்பாய். கூப்பிட மாட்டேன். அடுப்படி என் பங்கு, வீட்டு ரிப்பேர் அவர் பங்கு. பிரித்தது பிரித்ததுதான்.

எனக்கு இப்போது விளங்குகிறது. பழிவாங்குகிறார். இத்தனை வருஷம் நான் வாயை மூடியிருந்தேன் அல்லவா, இது அவர் முறை.

பாட்டி

*

செப்டம்பர் 3

பாட்டிக்கு,

உங்கள் சங்கைப் படித்து விடுதியே சிரித்தது. மன்னித்துவிடுங்கள், சத்தமாகப் படித்துவிட்டேன்.

இது பரீட்சை நேரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சுவரிடம் சொன்னால் சுவர்தான் பதில் சொல்லவேண்டும். அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். அதற்காகத்தான் அவர் இத்தனை காலமாகக் காத்திருக்கிறாரோ என்னவோ.

நான் பேச்சு மாறமாட்டேன். ஆனால் எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. படிப்பை மாற்றும் விஷயத்தை அவருக்கு நானே போனில் சொன்னேன். "சரி சரி, நல்லா சாப்பிடு" என்றார். "தாத்தா, நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "இங்கேயும் மழைதான்" என்றார். அவ்வளவுதான். நான் எதைப் படித்தால் அவருக்கு என்ன வந்தது? நீங்களாவது கோபப்பட்டு இரண்டு பக்கம் எழுதினீர்கள்.

உங்கள் பேத்தி

*

செப்டம்பர் 12

பேத்திக்கு,

நீ சொன்னபடி ஒரே ஒரு சொல் சொன்னேன். கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கி உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அங்கே கிடந்து பார்த்தால் கூடத்து நாற்காலி தெரியும். அவர் முதுகு தெரிந்தது. முதலில் "யாராவது வாங்களேன்" என்றேன். வீட்டில் இன்னொருவர் யார் இருக்கிறார்கள், யாராவது என்பதற்கு? அவர் அசையவில்லை. குழாய்த் தண்ணீர் என் சேலையெல்லாம் ஊறி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம் கூப்பிட்டேன். "ஏங்க."

பதின்மூன்று வருஷம் கழித்து. கல்யாணமான புதிதில் அவர் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தணிந்த குரலில் கூப்பிடுவேனே, அதே "ஏங்க". ஒரு தடவை இல்லை. தொண்டை வறண்டுபோகிற வரைக்கும். அவர் ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

தன் வீட்டுக் கூரையில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டு வந்தாள் மருந்துக்கடைக்காரி. தாழ் போடாத கதவு, தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "ஐயோ, என்னைப் பிடிச்சுக்கங்க, கையை என் கழுத்துல போடுங்க" என்று அவள்தான் தூக்கி உட்காரவைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய் அவர் தோளைத் தொட்டாள். தொட்ட பிறகுதான், ஒன்றும் அறியாதவர் மாதிரி, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். என்ன நடிப்பு! முகமெல்லாம் வெளுத்து, நாடகக்காரன் தோற்றான்.

எனக்கு ஆகாதவள் வந்து தூக்கினாள். கட்டினவர் வரவில்லை. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், செத்த பிறகும் முயற்சி செய்வேன்.

எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். பெட்டியில் துணியெல்லாம் வைத்துவிட்டேன். இனி இந்தக் கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குழாய் சேதியை நீ சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்வேன்.

பாட்டி

*

செப்டம்பர் 19

பாட்டிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. நான் சொல்லாத ஒரு சேதியில் நீங்கள் விழுந்திருக்கிறீர்கள். அதற்கு நான் என்ன சொன்னாலும் நியாயம் ஆகாது.

உங்கள் மூன்று கடிதங்களையும் கட்டிலில் பரப்பி வைத்து மறுபடி படித்தேன். ரேடியோ, குக்கர், காஸ்காரன், படியில் கேட்ட சௌக்கியமா. ஒவ்வொன்றையும் ஒரு குற்றமாகவே எழுதியிருந்தீர்கள், நானும் குற்றமாகவே படித்தேன். மருந்துக்கடை அத்தை தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார் என்ற இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்தேன்.

உடனே தாத்தாவுக்குப் போன் செய்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பார், அதிர்ந்ததும் எடுப்பார். எடுத்தார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பாட்டி. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே, "சரி சரி, நல்லா சாப்பிடு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இங்கேயும் மழைதான்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அவருக்குக் காது கேட்கவில்லை. ஆலையில் தகடு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவர். எப்போது போனதோ தெரியாது. அந்த வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பழமொழியை எழுதியது நீங்கள், அதைப் படித்துச் சிரித்தது நான்.

அவர் நடிக்கவில்லை, பாட்டி. நீங்கள் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது.

சேதி கொண்டுபோக மாட்டேன் என்ற பேச்சை இந்த ஒன்றுக்காக மீறுகிறேன். மருந்துக்கடை அத்தைக்குப் போன் செய்து மேலே அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டேன். இது உங்களுக்கு வரவேண்டிய சேதி. உங்களுக்குத்தான் முதலில் வரவேண்டும்.

படிப்பு விஷயமாகவும் ஒன்று. பத்தடி தூரச் சேதியைச் சேர்க்காதவளுக்கு அந்தப் படிப்பு எதற்கு? எதிரே இருக்கிறவருக்குக் கேட்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மருந்தியலுக்கே திரும்பிவிடுகிறேன். நீங்கள் ஆசைப்பட்டபடி கடை வைக்கலாம்.

உங்கள் பேத்தி

*

செப்டம்பர் 24

தந்திக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. தாத்தாவுக்குப் பரிந்து பேச நீ என்ன வேண்டுமானாலும் கட்டுவாய், வாசனையே நல்லா இருக்காம் என்றவள்தானே. அதனால் நானே பார்த்தேன்.

கழியை ஊன்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தேன். வீடு அப்படி அமைதியானது, கீழே தெருவில் ஒருவன் இருமுவது எனக்குக் கேட்டது. அவர் அப்படியே பாட்டுக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தார். ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி கையை வைத்தார். அதிர்வு இல்லை என்றதும் திரும்பினார். நான் நிற்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று நினைக்காதே. கோபம்தான் வந்தது. இதையும் மறைத்திருக்கிறார்! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இத்தனை காலம் சேர்த்துவைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் புரிந்தது, இனி அதில் ஒரு சொல்கூட அவருக்குப் போய்ச் சேராது. வாயைத் திறந்தபடியே நின்றேன். எனக்கு அப்போது கால் வலித்தது என்று வைத்துக்கொள், அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவரிடமும் பேச மாட்டேன் என்றுதான் முடிவு செய்திருந்தேன். எழுத மாட்டேன் என்று என்றைக்கும் சொன்னதில்லை. பென்சிலை எடுத்து, மருந்து வாங்கி வந்த உறையைக் கிழித்து, "காது எப்போதிலிருந்து?" என்று எழுதி நீட்டினேன். என் கையெழுத்தை அவர் பார்த்தே எவ்வளவு காலம் இருக்கும். கீழே எழுதினார்: "கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இந்தக் கோடையில் முழுதும் போய்விட்டது."

"ஏன் சொல்லவில்லை?"

உறையின் மறுபக்கத்தைத் திருப்பினார். பிறகு எழுதினார்: "யாரிடம் சொல்லி அனுப்புவது? தந்தி ஊரில் இல்லை."

இதைப் படித்து நீ அழுதுகொண்டு உட்காராதே. இதில் உன் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு என்று பிரிக்கிற வேலையை என்னிடம் விடு, எனக்கு அதில் பழக்கம் உண்டு. மருந்தியலுக்குத் திரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, திரும்பினால் உன்னிடம் எழுதுவதையும் நிறுத்திவிடுவேன். எதிரே கடையெல்லாம் வேண்டாம். காது டாக்டரின் பேரைக் கொடுத்தது கீழே இருப்பவள்தான், அழைத்துக்கொண்டு போனதும் அவள்தான். அதற்காகச் சீட்டு விஷயத்தை மறந்துவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லிவிடாதே. நீ அந்தப் பேச்சுப் படிப்புக்கே கையெழுத்துப் போடு. போட்டதும் முதலில் எனக்குச் சொல்.

டாக்டர் காதுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கருவி வைத்தால் ஏதோ கொஞ்சம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்றார். உன் தாத்தா அவர் உதட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். குழாயை அவரே முறுக்கிச் சரி செய்துவிட்டார், ஒரு வரி எழுதிக் காட்டினேன், அவ்வளவுதான். என் அம்மா விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தனியாக எழுதவேண்டும், அதற்குப் பெரிய தாள் வேண்டும். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

உறையில் எழுதிய அன்றைக்கே இன்னும் ஒன்று நடந்தது. அவர் என் கால் கட்டைக் காட்டி எழுதினார்: "விழுந்ததும் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாயே, அது நல்லதாய்ப் போயிற்று."

"அவளைக் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன்" என்று எழுதினேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார். பிறகு கீழே எழுதினார்: "என்ன சொல்லி?"

அந்த உறை மேசைமேல் கிடக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று உனக்குத் தெரியும். வாயால் சொல்லும்போது அதற்கு ஓர் இழுப்பு உண்டு. தாளில் மூன்றே எழுத்து. பென்சிலை வைத்தால் கை போகமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்து அனுப்பி, நீ எழுதிக் கொடு என்று கேட்கலாமா என்று பார்த்தேன். மடித்து உள்ளேகூட வைத்துவிட்டேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

எடுத்துவிட்டேன். நீ வேலையை விட்டது விட்டதாகவே இருக்கட்டும். பென்சில் முனை மழுங்கியிருக்கிறது, சீவிவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

பாட்டி